வேலம்மாளின் எட்டுக் கோழிகள்

செம்மண்டலத்து வீட்டின் பின்பக்கம் கோழிக்கூட்டின் பலகையைத் தூக்கியபோது உடனிருந்தவர்கள் ஐவர். பலகையைப் பிடித்திருந்த வேலம்மாள். அவள் கணவர் சாமிக்கண்ணு. மருமகள் சுவாதி. மதிலுக்கு அந்தப் பக்கம் முக்காலி போட்டு ஏறி நின்ற ஜெயராணி டீச்சர். சிதம்பரத்திலிருந்து மூன்று பெட்டைகளைக் கொண்டு வந்திருந்த அண்ணன் நடனசபாபதி. வேறு யாரும் இல்லை. 2008, தை மாதம், சனிக்கிழமை, காலை ஏழரை மணி.

சார்பதிவாளராக ஓய்வு பெற்ற நடனசபாபதிக்குக் கோழிக்கூடையோடு பஸ் ஏறுவது எளிய காரியமல்ல. கூடையைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசாமல் வந்திருந்தார். ஆலப்பாக்கத்தருகே கூடை கொக்கரித்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தங்கை நான்கு மாதமாகக் கேட்ட கோழிகள் அவை.

முந்தின நாள் விளக்கு வைக்கும் நேரத்தில், பழைய ஐந்தும் கூட்டுக்குள் கொம்பில் ஏறிக் கண் மூடியதும் புதிய மூன்றையும் நடுவில் ஏற்றினாள் வேலம்மாள். எட்டின் மேலும் அடுப்புச் சாம்பலைத் தடவினாள். வாசனை ஒன்றாகிவிட்டால் சண்டை குறையும் என்பது அவள் கணக்கு.

“நெஞ்சு படபடன்னு இருக்குது அண்ணே,” என்றாள் இப்போது. “புதுப்பொண்ணு வூட்டுக்குள்ள வர்ற மாதிரி.”

“மூணு பொண்ணு,” என்றார் சாமிக்கண்ணு. “மச்சான் சீர் கொஞ்சம் ஜாஸ்திதான்.”

“கொறைச்சலா செய்யறது எங்க வூட்டு வழக்கம் இல்ல,” என்றார் நடனசபாபதி.

பலகை மேலே போனது. முதலில் தாசில்தார் வெளியே வந்தது. சிவந்த, பருத்த பெட்டை. அந்தப் பெயரை வைத்தவர் சாமிக்கண்ணு. அதன் பின்னால் மற்ற நான்கும் சாம்பலை உதறிக்கொண்டு வந்தன. கடைசியாக, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, புதிய மூன்று.

தாசில்தார் கழுத்து இறகை விரித்தது. ஒரே பாய்ச்சல். புதியதொன்றின் தலையில் கொத்து விழுந்தது.

“ஐயோ அத்தை,” என்று சுவாதி பின்வாங்கினாள்.

“விடு சுவாதி,” என்று மதிலுக்கு மேலாக ஜெயராணி சொன்னார். “ரெண்டு கொத்து வாங்கினாதான் இடம் கெடைக்கும். எனக்கும் ஸ்கூல்ல சேர்ந்தப்ப அப்படித்தான்.”

மறுபடி ஒரு கொத்து. நடனசபாபதி வேட்டியை மடித்துக் கட்டினார். “எங்க வூட்டுக் கோழிய அடிக்குது. நான் தனியா தூக்கி வச்சிடறேன்.”

வேலம்மாள் அவர் வேட்டி முனையைப் பிடித்து இழுத்தாள். நெற்றியில் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு. “தூக்காத அண்ணே. மூணும் ஒண்ணா இருந்தாதான் தாங்கும். அதுல ஒண்ண எடுத்துட்டா மத்த ரெண்டையும் கொத்தியே தொரத்திடும். எப்பவும் பிரிக்காத. சொல்லிட்டேன்.”

“சரி, பிரிக்கல.”

அவள் தவிட்டுக் கிண்ணத்துடன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அடிபட்ட பெட்டை சுற்றி வந்து, தாசில்தாரின் பக்கவாட்டில் கழுத்தை நீட்டியது. “பாரு, பாரு,” என்றாள் வேலம்மாள். கிண்ணம் மடியிலிருந்து சரிந்தது. தவிடு அவள் காலடியில் கொட்டியது. எட்டும் ஒரே ஓட்டமாக ஓடி வந்து, தலையோடு தலை இடித்துத் தின்றன. எதுவும் எதையும் கொத்தவில்லை.

ஜெயராணி கைதட்டினார். சுவாதியும் தட்டினாள். “ஜெயிச்சிட்டேடி,” என்றார் சாமிக்கண்ணு. நடனசபாபதி திரும்பித் தங்கையைப் பார்த்தார். அவள் கோழிகளைப் பார்த்தபடியே சாய்ந்திருந்தாள். மனைவியின் தோளைத் தொட்ட சாமிக்கண்ணு கையை எடுக்கவில்லை.

மாரடைப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

பகலுக்குள் வீடு நிறைந்தது. பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை நடனசபாபதி பட்டாகவே எடுத்தார். சாமிக்கண்ணுவின் பெரியப்பா மகன் ஆண்டி அதைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த பேச்சை எடுத்தார்.

“சனிக்கிழம. பாடையில கோழி கட்டாம தூக்கக் கூடாது. இல்லன்னா வூட்டுல இன்னொரு சாவு விழும். பின்னால எட்டு நிக்குது, சிதம்பரத்துலேருந்து வந்ததுல ஒண்ணப் புடிங்க. அது இன்னும் வூட்டுக்குப் பழகல.”

“அதுல எடுக்க வேண்டாம்,” என்றார் நடனசபாபதி.

ஆண்டி அவர் பக்கம் திரும்பினார்.

“ஏன், மனசு வரலியா மச்சான்? கூடப் பொறந்தவளுக்குத்தானே கேக்கறோம்.”

நடனசபாபதி வாய் திறந்தார். கிடத்தியிருந்த தங்கையைப் பார்த்தார். கோழி பற்றி அவள் சொன்னதை இத்தனை பேர் நடுவில் சொன்னால் யாராவது சிரிப்பார்கள். சுவாதி ஏதோ சொல்ல வந்தாள், அவர் கையமர்த்தினார். சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு நடந்தார்.

திருப்பாதிரிப்புலியூரில் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினார். எங்கும் வெள்ளைப் பிராய்லர். தங்கையின் காலடியில் பிராய்லரைக் கட்டவிட முடியாது. மணி மூன்றைத் தாண்டியது. மார்க்கெட்டின் கடைசியில் கீரைக்காரி ஒருத்தியிடம் ஒரே ஒரு நாட்டுக்கோழி இருந்தது. கழுத்தில் இறகு உதிர்ந்த, மெலிந்த பெட்டை. கூடை இல்லை. காலைக் கட்டிக் கையிலேயே தொங்கவிட்டுக்கொண்டு, அத்தனை பேரும் பார்க்க, ஏறக்குறைய ஓடினார்.

வீட்டுக்கு முன்னால் பறை முழங்கிக்கொண்டிருந்தது. ஆண்டி கோழியை வாங்கி, அதன் கழுத்தைக் கூட்டத்துக்குக் காட்டினார். “நல்லத வச்சிக்கிட்டு இத வாங்கியாந்திருக்காரு.” நடனசபாபதி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பாடையின் கால்மாட்டில் கோழியை அவரே கட்டினார். சுடுகாட்டில் அதை அவிழ்த்து வெட்டியான் பக்கிரியின் கையில் கொடுத்தார்.

திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. குளிப்பதற்கு முன் சந்து வழியாகப் பின்பக்கம் போனார். ஜெயராணி மதிலருகே அழுத முகத்தோடு நின்றிருந்தார். ஆனால் குரலில் உற்சாகத்தை அடக்க முடியவில்லை.

“ஐயா, யாரும் ஏத்தி வுடல. புதுசு மூணும் தானா ஏறிடுச்சுங்க. தாசில்தாருக்கு இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ஒண்ணு.”

அவர் குனிந்து பார்த்தார். கொம்பில் இடைவெளி இல்லை. பலகையை மெதுவாக இறக்கினார்.

தங்கை பாடைக்கு ஒரு கோழி கொடுக்க மனமில்லாதவர் சிதம்பரத்து அண்ணன் என்று செம்மண்டலத்தில் இன்றும் பேசுகிறார்கள். அது தவறு. அவர் நான்கு கொடுத்தார்.