துவ்ஷின் தின்ற தயிர்க்கட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஆனால் சோட்னோமின் கூடாரத்துக்கு ஒரு விருந்தாளி வந்துவிடுவான். கதவு வழியாக வருவதில்லை, டிஷ் வழியாக வருவான். உலான்பாத்தரில் இருக்கும் கிறிஸ்தவ டிவியின் பிரசங்கி அவன். துவ்ஷின் என்று பெயர். முப்பது வயசு இருக்கும், பளபளவென்று சட்டை.

வாசலுக்கு நேர் எதிரே, மரியாதைப்பட்டவர்களை உட்கார வைக்கிற இடத்தில் பூப்போட்ட பெட்டி இருந்தது. பெட்டிமேல் டிவி. டிவி அங்கே இருப்பதால் துவ்ஷினும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். அதுதான் தொல்லை. அந்த இடத்தில் இருந்து பேசுகிறவன் பேச்சைப் பாதியில் நறுக்கக் கூடாது. அவன் பக்கம் காலை நீட்டக் கூடாது. சோட்னோமுக்கு அவர் அப்பன் அடித்துச் சொல்லிக் கொடுத்தது இது. அடுத்த சேனலில் மல்யுத்தம் ஓடும். இவரோ சம்மணம் போட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் இயேசுவைப் பற்றிக் கேட்பார். எட்டு மாதமாக இந்தப் பாடு.

அவர் மனைவி யஞ்சிமா ஆசையாகக் கேட்டாள். போன குளிரில் சோட்னோமுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. பனியில் டாக்டர் வந்து சேர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் இவள் டிவிமேல் கையை வைத்துக்கொண்டு ஜெபித்து அழுதாள். இவர் பிழைத்தார்.

"ஊசி போட்டது டாக்டர், பேர் வாங்குனது இவனா?" என்று இவர் கேட்டார்.

"டாக்டரை அந்தப் பனியில வழி காட்டிக் கூட்டிட்டு வந்தது யாராம்?" என்றாள் அவள்.

இந்தக் கோடையில் அவள் இன்னொரு படி ஏறினாள். மாதக் கடைசியில் மாவட்டத் தலைநகர் ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள் என்று துவ்ஷின் அறிவித்தான். யஞ்சிமா போக வேண்டும் என்றாள். நூற்றிருபது கிலோமீட்டர். சோட்னோமின் ருஷ்ய மோட்டார் சைக்கிளை விட்டால் வேறு வண்டி இல்லை.

"முடியாது. நான் பார்க்காத ஆளா? சின்ன வயசுல கம்யூனிஸ்ட் கட்சிக்காரன் லாரியில படம் காட்டுற பெட்டியக் கொண்டாந்து, இதே இடத்துல உக்காந்து, கடவுளே இல்லைன்னான். இப்ப இவன் இருக்காருங்கிறான். ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தக் கட்சிக்காரனாவது நம்ம ஆட்டைத் தின்னான், நம்ம தேத்தண்ணியக் குடிச்சான். இவன் எட்டு மாசமா வீட்டுக்குள்ள உக்காந்து பேசுறான், ஒரு வாய் தொட்டிருப்பானா? வீட்டுல எதையும் வாயில வைக்காதவனை எப்படி நம்புறது?"

"அவர் கண்ணாடிக்குள்ள இருக்காருய்யா கிழவா!"

"அது அவன் பாடு. நம்ம வீட்டுச் சாப்பாட்டை அவன் தின்னு நான் கண்ணால பார்க்கணும். அன்னைக்கு வண்டியை எடுக்கிறேன்."

நடக்காத காரியம் என்று நினைத்துத்தான் சொன்னார். சொல்லாமல் விட்டது வேறு. தினமும் விடிந்ததும் அவள் முதல் பாலை வானத்துக்குப் படையலாகத் தெளிப்பாள், இவர் பக்கத்தில் நிற்பார். நாற்பத்தோரு வருஷம். ஆற்றில் முங்கி எழுந்து வருகிறவள் அதை விட்டுவிட்டால் இவர் யார் பக்கத்தில் போய் நிற்பது?

மறுநாள் பக்கத்துப் பள்ளத்தாக்கு மியாக்மர் லாரியில் கம்பளி ஏற்றிக்கொண்டு உலான்பாத்தருக்குப் புறப்பட்டான். யஞ்சிமா ஒரு துணிப்பையோடு லாரிக்கு ஓடினாள். துவ்ஷினுக்குக் காய்ந்த தயிர்க்கட்டி கொடுத்தனுப்பப் போகிறாள்.

"நில்லுடி, நான் எடுத்துத் தரேன்" என்றார் சோட்னோம்.

கூரைக்கம்பில் தொங்கிய மூட்டையின் அடியிலிருந்து தேடி எடுத்தார். போன வருஷத்துச் சரக்கு. ஒன்றோடொன்று தட்டினால் கூழாங்கல் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றிலும் அவர் வீட்டு அச்சு, குதிரை ஏறும்போது கால் வைக்கிற அங்கவடியின் படம்.

"இது உளிக்குத்தான் உடையும்" என்றான் மியாக்மர்.

"அந்தச் சட்டைக்காரன் இதை நாய்க்குப் போடுவான். நாயும் மோந்து பாத்துட்டுப் போயிரும்" என்று சிரித்தார் சோட்னோம்.

யஞ்சிமா ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிப் பைக்குள் போட்டாள்.

அடுத்த ஞாயிறு வந்தது. துவ்ஷின் வந்தான். வழக்கம்போலப் பேச்சை ஆரம்பிக்கவில்லை. மடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தான். சோட்னோம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு அம்மா எழுதியிருக்காங்க" என்றான் துவ்ஷின். "அவங்க வீட்டுக்காரரு, எட்டு மாசமா நான் அவர் வீட்டுல ஒண்ணும் சாப்பிடலைன்னு வருத்தப்படுறாராம். ஐயா, அது என் தப்பு. எங்கம்மா இருந்தா காதைத் திருகியிருப்பாங்க."

கட்டியை வலது கையில் எடுத்து, இடது கையால் முழங்கையைத் தாங்கி, வாங்குகிற முறைப்படி நெற்றிக்கு உயர்த்தினான். அங்கவடி படம் திரை முழுக்கத் தெரிந்தது. வாயில் போட்டுக் கடித்தான்.

கடிபடவில்லை. வலப்பக்கம் தள்ளினான், இடப்பக்கம் தள்ளினான். கன்னம் புடைத்தது. கண்ணில் நீர் கோத்தது. நேரடி ஒளிபரப்பு, பேச முடியவில்லை. துப்பவும் இல்லை. கையை உயர்த்தி, பொறுங்கள் என்று சைகை காட்டினான். பின்னால் கிடார் வைத்திருந்த பெண் குனிந்து குலுங்கினாள்.

ஒரு நிமிஷம் போனது. இரண்டு போனது.

"எட்டு மாசத்துல இன்னைக்குத்தான் வாயை மூடியிருக்கான்" என்றார் சோட்னோம். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவருக்கு நிற்கவில்லை. இருமல் வந்து யஞ்சிமா முதுகைத் தட்ட வேண்டியிருந்தது.

"பார்த்துட்டியா?" என்றாள்.

"பார்த்துட்டேன்."

"அப்ப?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "காலைல பால் தெளிக்கிறதை நிறுத்திருவியா?"

யஞ்சிமா அவர் முதுகிலிருந்து கையை எடுத்தாள். "தெரியலை. நிறுத்தினாலும் அந்த நேரத்துக்கு வெளிய வந்து உங்க பக்கத்துல நிப்பேன். நான் போறது ஆத்துக்கு. இன்னொரு புருஷன்கிட்ட இல்லை."

சோட்னோம் எழுந்து வெளியே போனார். மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தொட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார். வாசலில் இருந்தே கத்தினார்:

"கம்பளிக் காலுறை ரெண்டு ஜோடி எடுத்து வை. ஆத்துத் தண்ணி எந்தச் சாமிக்கும் சூடாகாது."

திரும்பி உள்ளே வந்தபோது துவ்ஷின் இன்னும் மென்றுகொண்டுதான் இருந்தான். முகம் சிவந்துவிட்டது. சோட்னோம் கிண்ணத்தில் சூடாகத் தேநீர் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்து, டிவி முன்னால் வைத்தார்.

"நனைச்சுத் தின்னுடா, பைத்தியக்காரா. பல்லு போயிரும்."