நீலப் புள்ளிகள்

"எங்களிடம் பிரதி எதுவும் இல்லை, வருந்துகிறோம்" என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. இர்மா பெட்ஷெல் அதை நாலு தடவை படித்தாள். வலைப்பூவுக்கு இடம் கொடுத்த கம்பெனிக்கு ஆறு வாரமாகக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, கெஞ்சி, மிரட்டி, கடைசியில் கிடைத்த பதில் இது. எட்டு வருஷம் எழுதியது ஒரேயடியாகப் போயிற்று.

தப்பு அவள் பேரில்தான். முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவளுடைய பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன. அந்த மின்னஞ்சலைக் கொடுத்த தொலைபேசிக் கம்பெனியோடு சண்டை போட்டு அவள் உதறிவிட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. கோபம் வந்தால் முன்பின் யோசிக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. அவள் பிறந்த நோஸ்கே குடும்பத்து ரத்தம் அப்படி.

அவள் ஊரான ஜெபாரிட் பக்கத்துக் கோதுமைக்காரர்கள் எல்லாருக்கும் காலை ஒன்பது மணிக்கு ஒரு வேலை உண்டு. வேலிக் கம்பத்து மழைமானியில் எத்தனை மில்லிமீட்டர் மழை என்று பார்த்துக் குறித்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டவேண்டும். கல்யாணமானாலும் சாவானாலும் அது தவறாது. மற்றவர்கள் காலண்டரில் குறித்தார்கள். இர்மா வலைப்பூவில் குறித்தாள். மில்லிக் கணக்குக்குக் கீழே மனசில் பட்டதையும் எழுதுவாள். ஆடு வேலி தாண்டியது, கணவன் பெர்ன்ட் படுக்கையில் விழுந்தது, அவன் போனது, போன மறுநாள் இரண்டு மில்லி பெய்தது, எல்லாம் அதில் இருந்தன. அது போனதில் பெர்ன்டே இன்னொரு தடவை போனது போல இருந்தது அவளுக்கு.

அண்ணன் எர்வினைத் திட்டியதும் அதில்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் தன் பங்கு நிலத்தை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெளியூர்க் கம்பெனிக்கு விற்றுவிட்டு, நாட்டின் மேற்குக் கோடியில் எஸ்பெரன்ஸ் என்ற ஊரில் போய்க் குடியேறினான். அன்றோடு பேச்சு நின்றது. மனம் விட்டுத் திட்டுவதற்காகவே அவள் வலைப்பூவின் அமைப்புப் பக்கத்தில் "தேடுபொறிகளுக்குக் காட்டாதே" என்ற கட்டத்தில் டிக் போட்டாள். வீட்டைப் பூட்டிவிட்ட நினைப்பு அவளுக்கு. உண்மையில் அவள் பெயர்ப்பலகையை மட்டும்தான் கழற்றியிருந்தாள். வீடு திறந்தேதான் கிடந்தது.

கம்பெனியின் பதிலை அச்செடுத்து, தன் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு இர்மா நேரே டெல்மா கூட்ஸ் வீட்டுக்குப் போனாள். டெல்மா ஊர்ச் செய்தித்தாளை மாதாமாதம் தயாரிப்பவள். அவளுக்கும் ஒரு வலைப்பூ உண்டு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற கருவிகளைத் தேடிப் பிடித்து, வாரம் மூன்றாக அதில் எழுதுவாள். ஊரில் பாதிப் பேர் அவளைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். நின்றால் ஏதாவது ஒரு கருவியை அவர்கள் போனில் இறக்கிவிடுவாள்.

"காசு பிடுங்குற கருவி எதையும் நான் தொடமாட்டேன்" என்றாள் டெல்மா, தேன் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு. "உக்காரு. அழுறதா இருந்தா அப்புறம் அழு."

"நான் ஏன் அழுறேன்? எரிச்சல்."

"சரி, எரிச்சல்படு. எனக்கு வேலை இருக்கு."

டெல்மாவின் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. ஒரு கருவி இர்மாவின் கணினியில் பழைய பக்கம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று துழாவியது. மூன்று படங்கள் கிடைத்தன, மூன்றும் ஆடு. இன்னொரு கருவி அந்த மங்கிய படங்களைத் துலக்கிக் கொடுத்தது. ஆட்டின் காதுமுடி தனித்தனியாகத் தெரிந்தது. இர்மா எரிச்சலை மறந்து குனிந்து பார்த்தாள்.

"இத யாரு செஞ்சது?"

"பின்லாந்துல ஒரு பல் டாக்டராம். பொழுதுபோக்குக்காம்."

"நம்ம ஆட்டுக்காகவா?"

"எல்லாரோட ஆட்டுக்காகவும்தான்."

இர்மாவுக்கு அது மனசுக்குள் அடங்கவில்லை. முகம் தெரியாத ஒரு மனிதன் நாளெல்லாம் பல் பிடுங்கிவிட்டு வந்து, யார் யாருக்கோ உதவட்டும் என்று உட்கார்ந்து இதைச் செய்து, கதவைத் திறந்து போட்டு வைத்திருக்கிறான். நன்றி சொல்ல ஒரு பொத்தான்கூட அவன் வைக்கவில்லை.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் டெல்மா. "பழைய பக்கத்தையெல்லாம் பிரதி எடுத்து வெக்கிற கிடங்கு. ஆனா உனக்கு உதவுமான்னு தெரியல."

முதலில் ஊர் ரொட்டிக்கடையின் பக்கத்தைக் கேட்டுப் பார்த்தாள். கடை மூடிப் பதினாலு வருஷம் ஆகிறது. பக்கம் திறந்தது. செத்துப்போன ரொட்டிக்காரர் மாவுக் கையோடு நின்று சிரித்தார். ஈஸ்டருக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள் என்றிருந்தது. இர்மா பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். உலகம் தூக்கிப் போட்டதையெல்லாம் யாரோ குனிந்து பொறுக்கி, தேதி எழுதி வைத்திருக்கிறார்கள். அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

"அப்ப என்னுதும் இருக்குமே."

"நீதான் காட்டாதேன்னு டிக் போட்டியே. தானா சுத்தி வர்ற இயந்திரம் அதப் பாத்தா ஒதுங்கிப் போயிடும். யாராவது உன் பக்கத்துக்கு வந்து, கையால பொத்தான அமுக்கிச் சேத்து வெச்சிருந்தாத்தான் உண்டு. உன் மில்லிக் கணக்க எவன் சேத்து வெக்கப்போறான்?"

"வாய மூடிட்டு அடி."

டெல்மா முகவரியை அடித்தாள். ஒரு காலண்டர் வந்தது. பிரதி எடுத்த நாளுக்கு ஒரு நீலப் புள்ளி. ஜனவரி முழுக்க நீலம், பிப்ரவரி முழுக்க நீலம். டெல்மா போன வருஷத்தை அழுத்தினாள், அதற்கு முந்தியதை அழுத்தினாள். பின்னோக்கிப் போகப் போகப் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. எட்டு வருஷத்துக்கும், நாளுக்கு ஒரு புள்ளி.

"கடவுளே" என்றாள் டெல்மா, தணிந்த குரலில். அவள் சர்ச்சுக்குப் போகிறவள் அல்ல.

இர்மா ஒரு புள்ளியைத் தொட்டாள். பக்கம் திறந்தது. 'இரண்டு மில்லி. பெர்ன்டுக்குப் பிடித்த மழை. அவனுக்குச் சொல்ல முடியவில்லை.' எழுத்து அப்படியே இருந்தது. அவள் விட்ட பிழைகூட அப்படியே இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் கிடைத்துவிட்டது. பெர்ன்ட் திரும்ப வந்துவிட்டான்.

"யாருடி இது?" என்றாள் டெல்மா. "தெனமும் ஒருத்தர் வந்து அமுக்கியிருக்காங்க. முகவரிய யாருக்குக் குடுத்த?"

"யாருக்கும் குடுக்கல. டிக் போடறதுக்கு முன்னால, மொத வாரத்துல..." இர்மா நிறுத்தினாள். "எர்வினுக்கு அனுப்பினேன். அவன் பதிலே போடல."

"எர்வினா? அவன் படிச்சா நீ இவ்ளோ நாள் உயிரோட இருப்பியா? அவனப் பெருச்சாளின்னு எழுதியிருக்க."

இர்மா காலண்டருக்குத் திரும்பினாள். திரையில் இரண்டு வருஷத்துக்கு முந்தின ஆகஸ்ட் இருந்தது. நீலத்துக்கு நடுவில் பதினோரு நாள் வெறுமையாகக் கிடந்தது. எட்டு வருஷத்தில் அந்தப் பதினோரு நாள்தான் இடைவெளி. அந்தத் தேதிகள் அவளுக்குத் தெரியும். அப்போதுதான் சித்தி மகள் ஹெட்விக் போன் பண்ணிச் சொன்னாள்: எர்வினுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன், பிழைப்பானா தெரியவில்லை, நீ வருகிறாயா? கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு இர்மா போனை வைத்தாள். அந்தப் பதினோரு நாளும் அவள் எறும்பைப் பற்றியும் டிராக்டர் டயரைப் பற்றியும் எழுதினாள்.

பன்னிரண்டாம் நாள் மறுபடியும் நீலம்.

"இர்மா" என்றாள் டெல்மா. "இங்க பாரு. இந்த மாசம்."

வலைப்பூ செத்து ஆறு வாரம் ஆகியும் புள்ளிகள் நிற்கவில்லை. டெல்மா ஒன்றைத் திறந்தாள். 'இந்த முகவரியில் எதுவும் இல்லை' என்று வெள்ளைப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அடுத்த நாளும் அதே வரி, அதற்கு அடுத்த நாளும் அதே வரி. நாற்பத்து மூன்று நாளாக ஒருவன் தினமும் வந்து, ஒன்றுமில்லாத பக்கத்தைப் பார்த்து, அதையும் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கடைசிப் புள்ளி அன்று காலையில் விழுந்தது.

எர்வினின் போன் எண்ணை ஹெட்விக்கிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. டெல்மா பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். போனாலும் கதவை ஒருக்களித்துத்தான் சாத்தினாள்.

"நோஸ்கே பேசுறேன்."

"நான்தான்" என்றாள் இர்மா.

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நீ போய்ச் சேந்துட்டன்னு நெனச்சேன்" என்றான் எர்வின். குரல் கிழண்டு போயிருந்தது. "நாப்பத்து மூணு நாளா ஒண்ணும் இல்ல. யாரக் கேக்குறதுன்னு தெரியல."

"ஹெட்விக்கக் கேட்டிருக்கலாம்ல."

"பயமா இருந்துச்சு. கேட்டா சொல்லிடுவாளே."

இர்மா போனை மறு காதுக்கு மாற்றினாள். "பெருச்சாளின்னு எழுதினதப் படிச்சியா?"

"மூணு தடவ எழுதியிருக்க. ஒரு தடவ பன்னி."

"அதையும் எதுக்குடா சேத்து வெச்ச?"

"நீ எதையும் பத்திரமா வெச்சுக்க மாட்ட. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்." அவன் இருமினான். "எல்லாம் இருக்கு, இர்மி. பெர்ன்ட் பத்தி எழுதினது எல்லாம். ஒரு ஆகஸ்ட்ல மட்டும் பதினோரு நாள் விட்டுப்போச்சு. ஆஸ்பத்திரியில போன வாங்கி வெச்சுட்டாங்க. தப்பு என்னோடதுதான், மன்னிச்சுக்கோ."

இர்மா திரையில் அந்த ஆகஸ்டைத் திறந்து, பதினோரு வெறும் கட்டங்களின் மேல் விரலை வைத்தாள். அவன் காத்துக்கொண்டிருந்தான்.