தீட்டு வீட்டு வாசலில்

மிசாவோ முக்காலி மேல் நின்று சாமி மாடத்தின் முகப்பில் வெள்ளைத் தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள். சாவு விழுந்த வீட்டில் சாமியை மூடிவிட வேண்டும். பசை காய்வதற்குள் தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது.

"வந்துட்டாங்கடி," என்றாள் அம்மா உமேனோ, அப்பாவின் தலைமாட்டிலிருந்து எழாமலே. "போய் வாசல்லயே நிறுத்து. ஒருத்தர் காலும் உள்ள படக் கூடாது."

அப்பா தொகுஜி நேற்று அந்தி சாய்கையில் போய்விட்டார். இன்று காலையில் மிசாவோ போன் செய்வதற்குள் யாத்திரைக்காரர்களின் பஸ் சிபாவிலிருந்து கிளம்பிவிட்டது. கோடைதோறும் கஸ்ஸான் மலை ஏற வரும் கடற்கரைக்காரர்கள். அப்பா வீட்டிலேயே நடத்திவந்த இந்த யாத்திரை விடுதியைத் தவிர வேறெங்கும் தங்கியறியாதவர்கள். சாவு வீட்டில் கால் வைத்தவர் அந்தக் கோடையில் மலைக்கோயில் வாசலைத் தாண்ட முடியாது.

மற்ற வருஷங்களில் இந்த ஹாரன் கேட்டதும் அப்பா சங்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஊதி முடிப்பதற்குள் அவருடைய பழைய சிநேகிதர் இசோபே பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "மூச்சு பத்தலியே, வயசாயிடுச்சா?" என்பார். பிறகு வீடு முழுக்க மூங்கில் குருத்துக் குழம்பும் இசோபே கொண்டுவந்த மத்திக் கருவாடுமாக மணக்கும். உச்சியை முதலில் தொட்டது யார் என்று இருவரும் குடித்தபடி சண்டை போடுவார்கள். சின்னப் பெண்ணாக மிசாவோ அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவாள். அப்படியொரு தூக்கம் அதன்பின் எந்த ஊரிலும் அவளுக்கு வாய்த்ததில்லை.

வெள்ளை உடுப்பும், மலையேறுகிறவர்கள் கழுத்தில் போட்டுக்கொள்ளும் முறுக்கிய காகிதக் கயிறுமாக இசோபேதான் முதலில் இறங்கினார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வராமல் இருந்தவர். கடைசியாக ஒரு தடவை என்று டாக்டரிடம் மன்றாடி வந்திருக்கிறார்.

"எங்கடி உங்கப்பன்? சங்குச் சத்தத்தையே காணோம்?"

"அங்கேயே நில்லுங்க மாமா. அப்பா நேத்து சாயங்காலம் போயிட்டாரு. பக்கத்து விடுதியில சொல்லி வெச்சிருக்கேன், இப்படியே போயிடுங்க."

பின்னால் இறங்கியவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். இசோபே அவளைத் தாண்டி வீட்டைப் பார்த்தார்.

"நான் வர்றேன்னு தெரியும்ல அவனுக்கு?"

"தெரியும். சங்கைத் துடைச்சு வெச்சிருந்தாரு."

"அப்ப ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்."

"உள்ள வந்தா மலை ஏற முடியாது மாமா. உங்களுக்குத் தெரியாததா."

"இந்த உடுப்பே பொணத்துக்குப் போடுறதுதானே. செத்தவனா ஏறி, புதுசாப் பொறந்து இறங்குறோம்னு உங்கப்பன்தான் வருஷா வருஷம் சொல்லுவான். பொணத்துக்கு ஏதுடி தீட்டு?"

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அந்த நியாயமெல்லாம் வேணாம்ண்ணே. அவங்கம்மா செத்தப்ப அந்த மனுஷன் கோடை முழுக்க சமையக்கட்டுல குருத்து உரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நீங்க கெஞ்சியும் மலைக்கு வரல. உங்களை மட்டும் விடுவாரா?"

"விடமாட்டான். பிடிவாதக்காரன்."

இசோபே வெகுநேரம் மலையைப் பார்த்தார். பிறகு கழுத்துக் கயிற்றைக் கழற்றி, பின்னால் நின்ற தன் மச்சானிடம் கொடுத்தார். "எனக்கும் சேத்துக் கும்பிட்டுடு."

மிசாவோ தடுக்கக் கையை நீட்டினாள். அந்தக் கையையே பிடித்துக்கொண்டு அவர் படியேறினார். அவருடைய மலை போயிற்றே என்று வருந்த வேண்டியவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அது வெட்கமாகவும் இருந்தது.

அப்பாவின் பக்கத்தில் அவர் மெல்லக் காலை நீட்டி உட்கார்ந்தார். ஊதுபத்தி ஏற்றினார். "நாந்தான் முதல்ல தொட்டேன்," என்றார் அப்பாவிடம். "இல்லேன்னு சொல்லு பாக்கலாம்." அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை மற்றவர்கள் மலைக்குக் கிளம்பினார்கள். வீட்டெதிரே சற்று நின்று, தடிகளில் கட்டிய மணியை ஆட்டிவிட்டுப் போனார்கள். இசோபே எழுந்து பார்க்கவில்லை. ஊதுபத்திச் சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மணிச் சத்தம் கேட்டு அம்மா பழக்கதோஷத்தில் வாசலுக்கு வந்தாள். விருந்தாளிகள் மாட்டிக்கொண்டு அப்படியே நடக்கத் தோதாக, காலணிகளை மலைப்பக்கம் திருப்பி வைப்பது அவள் வேலை. அங்கே ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. இசோபே மலையேற வாங்கிய பூட்ஸ். அடியில் இன்னும் மலைமண் படவில்லை. திருப்பக் குனிந்தவள் அப்படியே நின்றாள். பிறகு இரண்டையும் கையில் எடுத்து, மர அலமாரியில் அப்பாவின் சேறு காய்ந்த பூட்ஸ் பக்கத்தில் வைத்தாள்.