முழுகுவதற்கு ஒரு பதிகம்

இருந்தவர்கள்: ஸ்ரீஸ்கந்தராசா, எழுபத்தொன்பது வயது, மறதிநோய்க்காரர். மனைவி நாகேஸ்வரி. மகள் உஷாந்தி. அவருக்கு இசைச் சிகிச்சை கொடுக்கக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வரும் செலீன். வாசல்வரை மட்டும், எதிர்வீட்டு ஸமீமா. நான் இருக்கவில்லை.

1

செலீன் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். கல்கிசையில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் இரவு வேலை பார்த்து இடையில் விட்டவன். குளிக்க மறுக்கிறவர்களை விடியற்காலையில் இரண்டு பேர் பிடிக்க, மூன்றாமவர் தண்ணீர் ஊற்றுவார். பிடித்தவர்களில் நானும் ஒருவன். அந்த இல்லத்தில்தான் ஸ்ரீஸ்கந்தராசாவுக்குக் கட்டில் பேசியிருந்தது.

முதலில், 'வெள்ளவத்தைக் கடலின் இரைச்சலுக்குள் ஒரு பழைய ராகம்' என்று இதை எழுதத் தொடங்கினேன். அந்த வீட்டுக்குக் கடல் கேட்காது. காலி நகருக்குப் போகும் வீதியில் ஓடும் பஸ்தான் கேட்கும்.

2

அவர் குளித்துப் பத்தொன்பது நாள். துவாய்த் துண்டோடு கிட்டப் போனால் அடிப்பார். நாகேஸ்வரியின் மணிக்கட்டு நீலம் பாரித்திருந்தது. அன்று பின்னேரத்துக்குள் இல்லத்துக்கு முடிவு சொல்லாவிட்டால் கட்டில் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அவருக்கு விருப்பமான பாட்டுகள் என்று செலீன் கொடுத்த படிவத்தில் நாகேஸ்வரி கோயில் பாட்டுகளை மட்டும் எழுதியிருந்தார். மூன்று கிழமையாக, வாரம் தவறாமல் செலீன் அவற்றைப் பாடியும் அவர் சுவரைத்தான் பார்த்தார்.

(செலீன் பாட்டு நினைவைத் திருப்பித் தரும் என்று யாருக்கும் சொல்வதில்லை. பழகிய பாட்டுக்கு உடம்பு பழகிய காரியத்தைச் செய்யும். அதைப் பிடித்துக்கொண்டு வீட்டார் ஒரு நாளை ஓட்டலாம். அவ்வளவுதான்.)

3

"அப்பா செத்தவீட்டிலதான் வடிவாப் பாடுவார்," என்றாள் உஷாந்தி.

"வாயைக் கழுவு!"

"பொய்யே, அம்மா? வெள்ளவத்தையில முப்பது வரியமா அவர் போகாமல் எந்தப் பிரேதம் வெளிக்கிட்டது?"

செலீன் வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவள். அதில் என்ன பிழை என்று அவளுக்குத் தெரியாது. போனில் தேடி, செத்தவீட்டுக் கிரியையில் பாடும் பதிகத்தைப் போட்டுவிட்டாள்.*

ஸ்ரீஸ்கந்தராசா நிமிர்ந்தார். சால்வையை இடுப்பில் கட்டினார். இரண்டாம் வரியிலிருந்து போன் தேவைப்படவில்லை. அந்தக் குரல் படிக்கட்டுவரை போனது.

ஸமீமா கதவைத் தட்டினாள். "அன்ரி, யாரும் மௌத்தா? வெள்ளைக் கொடி ஒண்டும் காணல்ல, பாட்டு மட்டும் கேக்குது?"

"ஒருத்தரும் சாகேல்லை, பிள்ளை. நீங்க போங்கோ." நாகேஸ்வரி போனைப் பறித்து நிறுத்தினார். "அவரும் உயிரோட, நானும் தாலியோட. இந்த வீட்டில இந்தப் பாட்டோ?"

ஸ்ரீஸ்கந்தராசா பாதியில் நின்றார். "கிரியை முடியேல்லையே. முடிஞ்சாத்தானே முழுகலாம்?" என்றார். பிறகு உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்.

* எந்தப் பதிகம் என்று எழுதமாட்டேன். இதை வீட்டில் உரத்து வாசிக்கிறவர்களும் இருப்பார்கள்.

4

செத்தவீட்டால் வருகிறவர் முழுகாமல் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. முப்பது வருடம் அவர் அப்படித்தான்: பாட்டு, பிறகு தண்ணீர். இது அந்த அறையில் மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது என்று எழுதியிருந்தேன். இல்லை. செலீனுக்கு உஷாந்தி விளக்கவேண்டியிருந்தது. நாகேஸ்வரிக்கு முதலே விளங்கிவிட்டது.

"ஒருநாளைக்கெண்டாலும் பரவாயில்லை," என்றார் கடைசியில். "தினமும் பாடவேணுமெல்லோ?"

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா போதும், அன்ரி," என்றாள் செலீன்.

"என்ர வீட்டில, ரெண்டு நாளைக்கு ஒரு செத்தவீடு."

5

முடிவு ஒன்று: நாகேஸ்வரி மறுக்கிறார். உஷாந்தி இல்லத்துக்குப் போன் எடுக்கிறாள். நடக்கக்கூடியது.

முடிவு இரண்டு: கிழவருக்குத் திடீரென்று மனைவியின் பெயர் ஞாபகம் வருகிறது, அவர் கண்களில்

இது பொய். நான் பார்த்த ஒருவருக்கும் அப்படி நடக்கவில்லை.

6

செலீன் சொன்னது இது. நாகேஸ்வரி எழும்பிச் சாமிப்படங்களின் முன் திரையை இழுத்துவிட்டார். "பாட்டுக்குப் போன் வேண்டாம்," என்றார். கணவருக்கு முன்னால் நின்று, கேட்டுக் கேட்டே பாடமாகிப்போன அந்தப் பதிகத்தைத் தானே தொடங்கினார். சுருதி சேரவில்லை.

"இழுக்காதை," என்றார் அவர். "ஆக்கள் நிக்கினம்." பிறகு அவரும் சேர்ந்து கடைசிப் பாட்டுவரை பாடினார்.

"தண்ணி எங்க?"

"இஞ்ச வாங்கோ." நாகேஸ்வரி துவாயை எடுத்தார். அவர் அடிக்கவில்லை, பின்னால் நடந்தார். குளியலறை வாசலில் உஷாந்தியும் கூடப் போகப் பார்த்தாள்.

"நீ வெளியில நில். ஒருத்தரும் வரவேண்டாம்."

"அம்மா, இல்லத்துக்கு என்ன சொல்லுறது?"

உள்ளே தண்ணீர் விழுந்ததா அடி விழுந்ததா என்று செலீனுக்குத் தெரியும். நான் அவளிடம் கேட்கவில்லை. உஷாந்தியின் கையில் போன் இருக்கிறது; இனி அவளுக்குப் பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். நாகேஸ்வரி கணவரை முன்னால் விட்டு, தானும் உள்ளே போய், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.