பன்னிரண்டு அடி

டொக்! டொக்! டொக்!

வீட்டுக்கு அடியிலிருந்துதான் சத்தம். ரொக்கியா கரண்டியும் கையுமாகப் படியிறங்கி ஓடினாள். மரத்தூண்களுக்கு நடுவே குனிந்து, நில அளவையாளர் சம்ரி ஒரு சிவப்புக் கட்டையை அறைந்துகொண்டிருந்தார்.

"மாநில எல்லை இதுதான் அக்கா. உங்க கூடம் கெடாவுல. அடுப்படி பினாங்குக்குள்ள பன்னெண்டடி போயிருக்கு."

"என் வீட்டுக்காரர் பின்னாடி இழுத்துக் கட்டினார். அதுக்கென்ன?"

"பட்டா கேட்டு மனு போட்டது கெடாவுல. வீடு முழுசா இந்தப் பக்கம் இல்லேன்னா மனுவை மூடிடுவாங்க. ஞாயித்துக்கிழமை காலைல நான் அறிக்கை கொடுக்கணும். அடுப்படியை இடிச்சிடுங்க."

"உத்திரம் ஒரே மரம். அறுத்தா கூரையே உக்காந்திடும். தூண் எல்லாம் கல்லு மேலதான் நிக்குது. வீட்டையே தூக்கி வைப்பேன்."

"மூணே நாள்ல அறுபது பேருக்கு எங்க போவீங்க?"

அதுதான் சிக்கல். கெடா பக்கம் முப்பது ஆண்கள் தேறுவார்கள். அவர்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. மீதி முப்பது பேர் வேலிக்கு அந்தப் பக்கம், பினாங்கில். அவர்களுக்குச் சனியும் ஞாயிறும். இரு பக்கத்தாருக்கும் பொதுவானது சனிக்கிழமை மட்டும்.

அந்தப் பக்கத்து ஆண்களைத் திரட்டக்கூடியவள் கெல்சோம் ஒருத்திதான். வேலிக்கு அப்புறம் அடுத்த வீடு. ரொக்கியாவின் கோழி அவள் நாற்றைக் கிளறிய சண்டையில் இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. ஜன்னல் வழியாக ஏச்சு மட்டும் உண்டு.

ரொக்கியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேலியைத் தாண்டினாள்.

"என்னடி, வழி தவறிட்டியா?" என்றாள் கெல்சோம்.

"சனிக்கிழமை முப்பது பேர் வேணும். வீட்டைத் தூக்கணும்."

"எங்க பக்கமா?"

"கெடா பக்கம்."

"திமிரப் பாரு! எங்க ஆளுங்களே உன்னத் தூக்கி அந்தப் பக்கம் விடணுமா?"

"ஆமா. வருவாங்களா, மாட்டாங்களா?"

கெல்சோம் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை வேலி பிரிக்கப்பட்டுக் கிடந்தது. பினாங்கிலிருந்து முப்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். தூண்களில் கழிகளைக் கட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்றதும் வீடு எழுந்தது. அலமாரியில் தட்டுகள் கிலுகிலுத்தன. ரொக்கியா முன்னால் நடந்து வழி காட்டினாள். பின்னால் எல்லைக் கட்டையருகே நின்ற கெல்சோம், கடைசித் தூண் தாண்டிய கணமே கத்தினாள்:

"போதும்! இறக்குங்க!"

சம்ரி அளந்தார். கட்டையிலிருந்து வீடு ஒரு சாண் உள்ளே. அறிக்கையில் 'முழுவதும் கெடா' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"தூக்கினதுதான் தூக்கினீங்க, இன்னும் பத்தடி தள்ளி வச்சிருக்கலாமே?"

"தள்ளி வச்சா," என்றாள் கெல்சோம், "ஜன்னல்லேர்ந்து நான் திட்றது இவ காதுல எப்படி விழும்?"