ஒன்பதாவது வார்டு மோரி

எங்கள் பேரூராட்சிக் கூட்டத்தில் பாதிப் பேச்சு தெலுங்கு, மீதி கன்னடம், கையெழுத்து மட்டும் தமிழ். நான் ஒன்பதாவது வார்டு உறுப்பினர் ருக்மணி. எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும்.

என் வார்டில் மங்கம்மா வீட்டு வாசலில் பட்டறைக் கழிவுத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். மழை பெய்தால் உள்ளே வந்துவிடும். அவள் கணவர் முனிவேலுக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். இனி அழுக்குத் தண்ணீர் பட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே ஒரு மோரி வேண்டும். சாக்கடைக் கால்வாய்க்கு எங்கள் பக்கம் யார் எந்த பாஷை பேசினாலும் மோரிதான்.

பிப்ரவரிக் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"தலைவரே, கோடைக்குள்ள மங்கம்மா வூட்டு முன்னால ஒரு மோரி கட்டிக் குடுங்க. ஜனங்க ரொம்ப கஷ்டப்படுது."

கோடை மழையை நினைத்துச் சொன்னேன். தலைவர் திருமலை போனைக் காதிலிருந்து எடுக்காமலே தலையாட்டினார். எல்லோரும் கை தூக்கினார்கள். சேதி கேட்டு மங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மார்ச் கூட்டத்தில் தீர்மானப் புத்தகம் சுற்றி வந்தது. வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டோம்.

ஏப்ரலில் மங்கம்மா வீட்டு முன்னால் மூங்கிலும் தென்னங்கீற்றும் வந்து இறங்கின.

"மோர்ப் பந்தலுக்குக்கா. ஆபீஸ்ல சொன்னாங்க" என்றான் இறக்கியவன்.

ஆபீசுக்கு ஓடினேன். தீர்மானம் எழுதும் சந்தோஷ் திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த பிள்ளை.

"நீங்க மோர்னுதான சொன்னிய மேடம்? கோடைன்னிய, ஜனங்க கஷ்டப்படுதுன்னிய. பந்தலை விட்டுட்டியளேன்னு நானே சேத்து எழுதுனேன்."

"மோர் இல்லப்பா, மோரி! சாக்கடைத் தண்ணி போற மோரி!"

"வாறுகாலா? எங்கூர்ல அப்படித்தான் சொல்லுவோம். மோரின்னா எனக்கு எப்படித் தெரியும்?"

பாவம், முகம் வெளுத்துப்போய்ப் புத்தகத்தைத் திறந்து காட்டினான். கீழே என் கையெழுத்து, எல்லோருடையதையும் விடப் பெரிதாக. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தலைவர் சிரித்தார். "வுடும்மா. அடுத்த மீட்டிங்ல புதுசா வெச்சிக்கலாம்."

அடுத்த கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை. அதற்கடுத்ததைத் தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்காகத் தள்ளி வைத்தார்கள். மே மாதம் ஒரு சாயங்காலம் மழை ஊற்றியது. வீட்டுக்குள் புகுந்த தண்ணீரில் இறங்கி முனிவேல் அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தார். பத்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பந்தலைத் திறக்கத் தலைவருக்கு அதற்குப் பிறகுதான் நேரம் கிடைத்தது. வாசலில் நாற்காலி போட்டு முனிவேலை உட்கார வைத்தார்கள். தலைவர் முதல் டம்ளரை அவரிடம் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டார். தாகமோ என்னவோ, முனிவேல் ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

மங்கம்மா எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்தாள்.

"ருக்மணிக்கா, நீ மீட்டிங்ல கேட்டது இதத்தானா?"

டம்ளரை வாங்கிக்கொண்டேன்.