காது வைத்த பெட்டி

இங்கெலாவின் சிவப்பு வோல்வோ உருளைகளின் மேல் ஏறி நின்றபோது, டோர்கெல் தன் இரண்டாவது காப்பியைக்கூடக் குடித்து முடிக்கவில்லை. காரை நான்கு பக்கமும் பட்டை போட்டு இழுத்துக் கட்டினார். இனி அது எவ்வளவு சீறினாலும் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழல வேண்டியதுதான்.

ஷெட் டோர்கெலுடையது. ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில், டர்போ பூட்டிய பழைய கார் எதுவும் அவர் காதைத் தாண்டாமல், உறைந்த ஏரிமேல் நடக்கும் பனிப் பந்தயத்துக்குப் போனதில்லை. காது என்றால் நிஜமாகவே காதுதான். ஒரு செப்புக் குழாயின் முனையைத் தட்டையாக்கி இன்ஜினில் முடுக்குவார். மறுமுனையில் ரப்பர் குழாய். அது அவர் தலையில் மாட்டும் பெரிய காதுமூடிக்குள் போகும். எரிபொருள் நேரம் தவறி வெடித்தால் இன்ஜினுக்குள் மெல்லிய சத்தம் ஒன்று வரும். கூழாங்கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போலிருக்கும். நாக்கிங் என்பார்கள். டர்போ காற்றைத் திணிக்கும் இன்ஜினில் அதைக் கவனிக்காமல் விட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும், அத்தோடு கதை முடிந்தது.

மேசையில் இரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகள் இருந்தன. எப்போது எரிபொருள் ஊற்றுவது, எப்போது தீப்பொறி போடுவது என்று இன்ஜினுக்குக் கட்டளையிடுபவை; அந்தத் தீப்பொறி நேரத்துக்குத்தான் டைமிங் என்று பெயர். கறுப்புப் பெட்டி டோர்கெலின் செல்லம். எளிமையானது, சொன்னதைச் செய்யும். சாம்பல் நிறப் பெட்டி எல்லைக்கு அப்பாலிருந்து ரெய்யோ கொண்டுவந்தது. அதற்குக் காது உண்டு. சுண்டுவிரல் தடிமனில் ஓர் உணரியை இன்ஜினில் முடுக்கினால், நாக்கிங் சத்தத்தை அதுவே கேட்டு, தீப்பொறியை அதுவே பின்னுக்கு இழுக்கும்.

"காது வச்ச பெட்டி எதுக்கு? என் காது என்ன ஆடு மேய்க்கப் போயிருக்கா?" என்றார் டோர்கெல்.

"யோவ், உன் காதைக் கழட்டி காருக்குள்ள வச்சு அனுப்ப முடியுமா? ஏரி மேல நீயா உக்காந்து கேக்கப் போற?" என்றான் ரெய்யோ. பின்லாந்துக்காரன் ஒரு நாளைக்குப் பேசுவதே நாலு வாக்கியம். அதில் இரண்டை இதற்கே செலவழித்துவிட்டான்.

"இங்க சரியா டைமிங் வச்சு அனுப்பினா அங்க எதுக்கு நாக்கிங் வருது?"

"டாகெக்கு வந்துச்சே."

"அது அவன் போட்ட எரிபொருள் மட்டமானதுடா! நான் அன்னிக்கே சொன்னேன்."

போன குளிர்காலம் டாகெயின் இன்ஜின் ஏரி நடுவில் உருகிப் போனது. இதே ஷெட்டில் டோர்கெல்தான் அதற்கு டைமிங் வைத்திருந்தார். எவன் தப்பு செய்கிறானோ அவன் சனிக்கிழமை கிளப்புக்குப் பச்சை நிறக் கேக் வாங்கி வரவேண்டும் என்பது இவர்கள் வழக்கம். கண்ட இடத்தில் எரிபொருள் போட்டான் என்று எல்லோர் முன்னாலும் தீர்ப்புச் சொல்லி, இன்ஜினைப் பறிகொடுத்தவனையே கேக் வாங்க வைத்தார் டோர்கெல். டாகெ கேக்கை மேசையில் வைத்துவிட்டு ஒரு துண்டுகூடத் தின்னாமல் போனான். அதற்குப் பிறகு கிளப் பக்கமே தலைகாட்டவில்லை.

இங்கெலா கார் கதவில் சாய்ந்து இருவரையும் பார்த்தாள். மரம் ஏற்றும் லாரி ஓட்டுபவள். ஓய்வு கிடைத்த நாளெல்லாம் இந்த இன்ஜினுக்கே கொடுத்தவள். "ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா? இது போனா எனக்கு வேற இன்ஜின் கிடையாது. வர்ற சனிக்கிழமை பந்தயம். கறுப்பு ஓட்டட்டும். சாம்பல் சும்மா உக்காந்து கேக்கட்டும், எதையும் தொடக் கூடாது. அப்புறம் நான் முடிவு பண்றேன்."

அப்படியே செய்தார்கள். சாம்பல் கேட்பதைக் காட்டும் லேப்டாப்பின் முன் ரெய்யோ உட்கார்ந்தான். டோர்கெல் காதுமூடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். வெளியே ரோவன் மரத்தில் பட்டுவால் குருவிகள் கூட்டமாக உட்கார்ந்து, உறைந்த சிவப்புப் பழங்களைக் கொத்திக்கொண்டிருந்தன. "இதுங்களைப் பாரு. முன்னெல்லாம் இதுங்க கத்தினா ஷெட்டே அதிரும். இப்ப வருது, தின்னுது, வாயே திறக்கறதில்ல. பழத்துல சத்து இல்ல போல" என்று முணுமுணுத்தார். எல்லாக் குளிர்காலமும் சொல்வதுதான், யாரும் காதில் வாங்கவில்லை.

இங்கெலா காருக்குள் ஏறி ஆக்சிலரேட்டரை மிதித்தாள். டர்போ ஊளையிட்டது. ஷெட்டின் தகரம் நடுங்கியது. டோர்கெல் கண்ணை மூடிக் கேட்டார். ஆழமான, பட்டுப் போன்ற உறுமல். சுத்தம். விரலை உயர்த்தி, டைமிங்கை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளும்படி ரெய்யோவிடம் சொன்னார். மறுபடி சுத்தம். இன்னும் கொஞ்சம்.

"நிறுத்து!" என்று ரெய்யோ கத்தினான். அவன் லேப்டாப் திரை முழுக்க, நாக்கிங்கைக் காட்டும் சிவப்புக் கோடுகள் முளைத்திருந்தன.

"அது வால்வு சத்தத்தைக் கேட்டுட்டு உளறுது. எனக்கே காது குத்தறியா?" என்றார் டோர்கெல்.

இங்கெலா இறங்கி வந்தாள். "குடு, நான் கேக்கறேன். ரெய்யோ, நீ மிதி. ஒரே ஒரு தடவை, கொஞ்ச நேரம்."

அவள் காதுமூடியை மாட்டிக்கொள்ள, ரெய்யோ மிதித்தான். உடனே அவள் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னாள். "கூழாங்கல்லு, டோர்கெல். வாரி இறைச்ச மாதிரி. உனக்குக் கேக்கலையா?"

இருவரும் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். தீப்பொறி போடும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வெள்ளைப் பீங்கான்மேல் பொடி உப்பைத் தூவியது போல வெள்ளிப் புள்ளிகள். பிஸ்டனிலிருந்து பிய்ந்து வந்த உலோகம். பிளக் யாருக்கும் வேண்டியவனும் இல்லை, வேண்டாதவனும் இல்லை. இன்னும் நாலு முறை மிதித்திருந்தால் இங்கெலாவின் இன்ஜின் அவர் கையாலேயே செத்திருக்கும். டோர்கெல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷம் இன்ஜின் பக்கத்துல நின்னா இப்படித்தான் ஆகும்" என்றான் ரெய்யோ. குரலில் கேலி இல்லை. "முதல்ல கீச்சுச் சத்தம்தான் போகும். மத்ததெல்லாம் நல்லாவே கேக்கும், அதனால தெரியாது. எங்க அப்பாவுக்கும் அப்படித்தான். இரு, பெட்டி பிடிச்ச சத்தத்தை மெதுவா ஓட்டறேன். மெதுவா ஓட்டினா சத்தம் கனமாயிடும், உனக்கும் கேக்கும்."

லேப்டாப்பின் ஹெட்போனை அவர் தலையில் மாட்டினான்.

இன்ஜின் பெருமூச்சு விடுவது போல மெல்ல உறுமியது. அந்த உறுமலுக்குள்ளிருந்து வந்தது அந்தச் சத்தம். டொக். டொக் டொக். ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக. டோர்கெலுக்கு மயிர்க்கால்கள் குத்திட்டன. இந்தச் சத்தத்தை அவர் கடைசியாகக் கேட்டு எத்தனை காலமாயிற்று! போய்விட்டது என்றே தெரியாமல் போனது, செத்துப் பிழைத்தவன் போல எதிரே வந்து நின்றது.

"இதையா அது கேக்குது? ஓடற ஓட்டத்துல, ஒவ்வொரு வெடியையும் தனித்தனியாவா?"

"ஒவ்வொண்ணையும். அடுத்த வெடிக்குள்ள கேட்டு முடிச்சு, தீப்பொறியையும் தள்ளி வச்சுடும்."

கண் இமைப்பதற்குள் எத்தனையோ வெடிகள் நடந்து முடிகின்றன. அவற்றில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு பெட்டி உட்கார்ந்து, கேட்டு, முடிவெடுக்கிறது. டோர்கெல் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அந்தச் சாம்பல் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேவாலயத்துக்குள் வந்தவர் போலத் தலையிலிருந்த குல்லாயைக் கழற்றியதை அவரே கவனிக்கவில்லை.

பிறகு எழுந்து, யாரும் கேட்காமலே கறுப்புப் பெட்டியின் ஒயரை உருவினார். இங்கெலா அவர் தோளில் கை வைத்தாள். "நான்தானே முடிவு பண்றதா பேச்சு?"

"பண்ணு."

"சாம்பல். ஆனா டைமிங் வைக்கறது நீதான். வேற எவனையும் என் காரைத் தொட விடமாட்டேன்."

சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. திரையைப் பார்த்து, சந்தேகம் வந்த இடத்தில் மெதுவாக ஓட்டிக் கேட்டு, டோர்கெல் டைமிங் வைத்தார். பழைய கணக்கைவிட நன்றாகவே பின்னால் நின்றது அது. கடைசி ஓட்டத்தில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. இங்கெலா ஸ்டீயரிங்கில் தலை வைத்துச் சிரித்தாள்.

ரெய்யோ லேப்டாப்பை மூடப் போனான்.

"மூடாத" என்றார் டோர்கெல். ஜன்னலுக்கு வெளியே குருவிகளைக் காட்டினார். "அதுங்க இப்பவும் கத்துதா?"

இருவரும் வெளியே பார்த்தார்கள். இங்கெலாவுக்குச் சட்டென்று புரிந்தது. "காலையிலேர்ந்து கத்துதுங்க. எல்லாக் குளிர்காலமும் கத்துதுங்க."

ரெய்யோ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரோவன் மரத்தடிக்குப் போய்க் குருவிகளின் சத்தத்தைப் பதிவு செய்தான். திரும்பி வந்து, அதை மெதுவாக ஓட்டவிட்டு ஹெட்போனை நீட்டினான். டோர்கெல் மாட்டிக்கொண்டார். தூரத்தில் யாரோ ஒரு மணியைத் தட்டி, அது ஓயுமுன் இன்னொன்றைத் தட்டுவது போல, நீளமாக, கனமாக, ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன குருவிகளின் குரல்கள். பழத்தில் சத்து இருந்தது. எதுவும் குறையவில்லை. அவர் கண்களிலிருந்து நீர் வழிந்து தாடிக்குள் இறங்கியது, துடைக்கவில்லை.

"என்ன சொல்லுதுங்க?" என்று கேட்டாள் இங்கெலா.

அவர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்து, காலையில் ஆறவிட்ட காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

"டாகெ வீட்டுக்குப் போற வழியில இந்நேரத்துக்குக் கேக் கடை திறந்திருக்குமா?" என்றார்.